வருகை செய்தியில நாம தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சபை கன்வென்ஷன் கூட்டம் போட்டா ஒரு ராத்திரியாவது வருகை செய்தி, அதாவது இயேசு திரும்ப வர்றதைப் பத்தின பிரசங்கம், இருக்கும், அது இருக்கவும் வேணும். சிஎஸ்ஐ ஆகட்டும், லுத்தரன் ஆகட்டும், எலத்தகிரி கோவிலூர் மாதிரி பழைய கத்தோலிக்க ஊருங்க ஆகட்டும், பாலக்கோட்டுல ஷீட் போட்ட சின்ன பெந்தெகொஸ்தே சபை ஆகட்டும், இயேசு திரும்ப வருவார், உயிரோட இருக்கிறவங்களையும் செத்தவங்களையும் நியாயந்தீர்ப்பார்ங்கறதை எல்லாருமே நம்பறோம். பிரச்சனை அதுல இல்ல. அந்த செய்தியைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போறவங்க என்ன மனசோட போறாங்கங்கறதுலதான் இருக்கு. பவுல் 1 தெசலோனிக்கேயர் 4-ல எக்காளம், மரிச்சவங்க எழுந்திருக்கிறது, உயிரோட இருக்கிறவங்க மேகத்துல எடுத்துக்கொள்ளப்படறது எல்லாத்தையும் எழுதிட்டு, கடைசியில "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்"னு முடிக்கிறார். அந்த சபையில சாவு விழுந்த வீடுங்க இருந்துச்சு, அவங்களுக்கு ஆறுதலா எழுதினது அது. இப்ப அதே பகுதியை வச்சு சின்னப் பிள்ளைங்களை, எந்திரிச்சு பாத்தா அம்மா அப்பா காணாம போயிருப்பாங்களோன்னு ராத்திரி தூங்கவிடாம பண்றோம், இதை யோசிச்சா எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கு.

எல்லாத்துலயும் பெரிய தப்பு தேதி குறிக்கிறது. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்"னு மத்தேயு 24:36-ல இயேசுவே சொல்லிட்டார். அப்படியும் ஜனங்க நாளும் நாழிகையும் சொல்லமாட்டேன், வருஷம் மட்டும் சொல்றேன்னு ஒரு வழி கண்டுபிடிச்சுக்கிறாங்க. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி, பைபிளை நல்லா படிச்ச மனுஷன்தான், தானியேல் 8:14-ல வர்ற 2300 நாளை 2300 வருஷமா எடுத்து, கி.மு. 457-ல இருந்து எண்ணி 1843-க்கு வந்தார். அது நடக்கல, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவுல பூஜ்ய வருஷம் கிடையாதுன்னு திருத்தி, அவர் கூட இருந்தவங்க 1844 அக்டோபர் 22-ன்னு நாளே வச்சுட்டாங்க. சில விவசாயிங்க விளைஞ்ச பயிரை அறுக்காமயே விட்டாங்க, எதுக்கு அறுக்கணும், யார் சாப்பிடப்போறாங்கன்னு. 23-ம் தேதி காலையில சூரியன் எப்பவும் போல உதிச்சுது. அந்த ஜனங்க ஏமாத்துக்காரங்க இல்ல, கணக்கும் சின்னக் கணக்கு இல்ல, ஆனா எண்ணக்கூடாததை எண்ணினாங்க.

அதுக்கப்புறமும் விடல. 1992 அக்டோபர் 28-ன்னு தென்கொரியாவுல ஒரு இயக்கம் சொல்லி, நெறைய பேரு வேலையை விட்டு, சொத்தை வித்து காணிக்கையா குடுத்தாங்க, கடைசியில அந்தத் தலைவர் மோசடி கேஸ்ல உள்ள போனார், விசாரணையில பாத்தா அவர் வாங்கி வச்சிருந்த பத்திரம் மெச்சூர் ஆகறது 1993-ல. தான் சொன்ன தேதிக்கு அடுத்த வருஷம். ஹெரால்ட் கேம்பிங்னு ரேடியோவுல பேசினவர் முதல்ல 1994-னு சொன்னார், அப்புறம் 2011 மே 21-ன்னு ஊர் ஊரா போர்டு வச்சார், அன்னைக்கு ஒண்ணும் ஆகலன்னதும் நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்துல ஆரம்பிச்சாச்சு, முடிவு அக்டோபர் 21-ன்னார். அதுவும் போச்சு. 2012-ல, நாள் குறிச்சது பாவம்னு அவரே எழுதி ஒத்துக்கிட்டார், அதுக்கு ஒரு தைரியம் வேணும், அதை நான் மதிக்கிறேன், ஆனா அவரை நம்பி சேமிப்பை எல்லாம் விளம்பரத்துக்குக் குடுத்தவங்களுக்கு அந்தப் பணம் திரும்பி வரல. 2025 செப்டம்பர்ல கூட தென்னாப்பிரிக்காவுல இருந்து ஒருத்தர் சொன்ன தேதி ரீல்ஸ்ல உலகம் பூரா சுத்துச்சு, நம்ம சபை வாட்ஸ்அப் குரூப்லயும் வந்துச்சு, வந்து போயிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, தேதி தப்பிப்போனா தேதி சொன்னவருக்கு பெரும்பாலும் நஷ்டம் கம்மி, கேட்டவங்களுக்குதான் நஷ்டம். நம்ம பக்கம் மானாவாரி நிலம், ஓசூர் சிப்காட் கம்பெனி வேலை, பெங்களூர்ல கட்டட வேலை, இதை நம்பிதான் குடும்பம் ஓடுது. "வருகை சமீபம், பொண்ணை எதுக்கு காலேஜ்ல சேக்கணும்"னு கேக்கிற அப்பா இருக்கார், சீட்டுப் பணத்தைக் கட்டாம நிறுத்தினவங்களும் உண்டு. அவங்களைத் திட்டக்கூடாது, ஏன்னா அவங்க கேட்ட செய்தி அப்படி. ஆனா பைபிள்லயே இதுக்கு பதில் இருக்கு. தெசலோனிக்கேயாவுல சில பேரு வேலை வெட்டிக்கு போகாம சுத்திட்டு இருந்தாங்க, அவங்களுக்குதான் "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது"ன்னு பவுல் எழுதினார். வருகையைப் பத்தி அதிகம் பேசற அதே நிருபங்கள்லதான் சொந்தக் கையால வேலை செய்யுங்க, அமைதலா சாப்பிடுங்கன்னு இருக்கு.

இன்னொரு விஷயமும் அங்கேயே இருக்கு. 2 தெசலோனிக்கேயர் 2-ம் அதிகாரம் ஆரம்பத்தைப் படிச்சா தெரியும், பவுல் பேர்லயே வந்த மாதிரி ஒரு கடிதம், கர்த்தருடைய நாள் வந்துடுச்சுன்னு கிளப்பிவிட்ட பேச்சு, சபையே கலங்கி நின்னுச்சு. அவர் எழுதினது, அது எங்க பேர்ல வந்தாலும் சரி, ஆவியில சொன்னேன்னு யாரு சொன்னாலும் சரி, உடனே கலங்காதீங்கன்னுதான். அதனால ஃபார்வர்டு வந்தா அடுத்த குரூப்புக்கு தள்றதுக்கு முன்னாடி, யார் சொன்னது, எந்த வசனம், அந்த வசனத்துக்கு முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. பாஸ்டர் ஐயா போட்டார்ங்கறதே ஒரு சாட்சி ஆகாது, அவருக்கும் யாரோ அனுப்பினதுதான்.

நியூஸ் பேப்பரை வச்சுக்கிட்டு பைபிள் படிக்கிறது அடுத்த தப்பு. 1986-ல செர்னோபில் அணுஉலை வெடிச்சதும் வெளிப்படுத்தின விசேஷம் 8-ல வர்ற எட்டி நட்சத்திரம் இதுதான்னாங்க. யூப்ரடீஸ் ஆத்துல தண்ணி குறைஞ்சா 16-ம் அதிகாரம், 2022-ல அமெரிக்காவுல இருந்து இஸ்ரேலுக்கு செவப்பு கிடாரிங்களைக் கொண்டுபோனா எண்ணாகமம் 19, ரஷ்யா சண்டைக்கு போனா எசேக்கியேல் 38. 1948-ல இஸ்ரேல் தேசம் உருவானதை மத்தேயு 24-ல வர்ற அத்திமரம் துளிர்க்கிறதா எடுத்துக்கிட்டு, ஒரு தலைமுறைன்னா 40 வருஷம்னு கூட்டி, 1988-ன்னு சொன்னவங்க அந்தக் காலத்துல நெறைய பேரு. அத்திமர உவமையை இயேசு சொன்னது எதுக்குன்னு பாத்தா, நம்ம கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு அது சுலபமா புரியும். மாமரம் பூ விட்டா சீசன் வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், தோட்டத்தை உழுது மருந்தடிச்சு தயாரா இருப்போம், ஆனா பூவைப் பாத்து இத்தனாந் தேதி இத்தனை மணிக்கு காய் இறங்கும்னு எந்தத் தோட்டக்காரரும் சொல்லமாட்டார். அவ்வளவுதான் அங்க சொன்னது.

யுத்தங்களையும் யுத்த செய்திகளையும் கேள்விப்படுவீங்க, கலங்காதீங்க, முடிவு உடனே வராதுன்னு மத்தேயு 24:6-ல இருக்கு. அதையே நாம யுத்தம் வந்துடுச்சு, முடிவு வந்துடுச்சுன்னு திருப்பிப் போட்டு சொல்றோம். அந்த அதிகாரத்துல ஒரு பகுதி எருசலேம் தேவாலயத்தைப் பத்தினது, ஒரு கல்லு மேல ஒரு கல்லு இருக்காதுன்னு இயேசு சொன்னார், கி.பி. 70-ல ரோமப் படை அப்படியே இடிச்சுப் போட்டுச்சு. எது 70-ல நிறைவேறினது, எது இன்னும் வரவேண்டியதுங்கறதுல நல்ல வேத அறிஞர்களுக்குள்ளயே கருத்து வித்தியாசம் இருக்கு. அதை சொல்லாம எல்லாமே நாளைக்கு நடக்கப்போறதுன்னு பேசினா நாம பாதிதான் படிச்சிருக்கோம்னு அர்த்தம். வெளிப்படுத்தின விசேஷமும் அப்படித்தான், எபேசு, சிமிர்னா, பெர்கமுன்னு இன்னைக்கு துருக்கியில இருக்கிற ஏழு ஊரு சபைகளுக்கு எழுதினது. ராயனை, அதாவது ரோமப் பேரரசனை, கும்பிடச் சொல்லி நெருக்கின காலத்துல, செத்தாலும் விடாதீங்கன்னு அவங்களைத் தாங்கிப்பிடிச்ச புத்தகம். அவங்களுக்கு ஒண்ணுமே புரியாம நமக்கு மட்டும் புரியற மாதிரி யோவான் எழுதியிருக்க மாட்டார்.

இப்ப 666, வெளிப்படுத்தின விசேஷம் 13-ல மிருகத்தோட எண்ணா வர்றது. இதைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதனால கஷ்டப்படறது ஏழைங்க. முதல்ல பார்கோடுதான் மிருகத்தின் முத்திரைன்னாங்க, அப்புறம் ஆதார், அப்புறம் கொரோனா ஊசி, இப்ப க்யூஆர் கோடு. இதைக் கேட்டு பயந்து வயசான ஒரு அம்மா ஆதார் எடுக்காம இருந்தா ரேஷன் நிக்குது, முதியோர் பணம் நிக்குது, நூறு நாள் வேலை சம்பளம் அக்கவுண்ட்ல ஏறாது. பிரசங்கம் பண்ணினவர் வந்து அரிசி வாங்கிக் குடுக்கப் போறதில்ல. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஐயும் 14-ஐயும் சேத்து படிங்க, அந்த முத்திரை மிருகத்தை வணங்கறவங்க போட்டுக்கிறது, தெரியாம ஏமாந்து கையில ஒட்டிக்கிற ஒண்ணு கிடையாது. 13 முடிஞ்ச உடனே 14:1-ல ஆட்டுக்குட்டியோட நிக்கிறவங்க நெத்தியில பிதாவோட பேரு எழுதியிருக்குன்னு வருது, அதை யாரும் சிப்புன்னு சொல்றதில்லயே. உபாகமம் 6-ல கர்த்தருடைய வார்த்தையைக் கையில அடையாளமாவும் கண்ணுங்களுக்கு நடுவுல ஞாபகக்குறியாவும் கட்டிக்கோன்னு இருக்கு, கையும் நெத்தியும் அங்க இருந்து வர்ற பாஷை, நீ யாருக்கு சொந்தம், யாருக்குக் கீழ்ப்படியறங்கற கேள்வி அது. நம்பரைப் பத்தி கேட்டா, நீரோ ராயன்ங்கற பேரை எபிரெய எழுத்துல எழுதி எழுத்துக்குரிய எண்ணைக் கூட்டினா 666 வரும்னு நெறைய அறிஞருங்க சொல்றாங்க, சில பழைய கையெழுத்துப் பிரதிகள்ல 616-ன்னும் இருக்கு, அந்தப் பேரையே வேற விதமா எழுதினா அந்தக் கூட்டுத்தொகையும் வரும். 2-ம் நூற்றாண்டுல வாழ்ந்த இரேனியுஸ்ங்கற பிஷப் இந்த எண்ணுக்கு பொருந்தற சில பேருங்களை எழுதிட்டு, இவன்தான்னு அடிச்சு சொல்றது ஆபத்துன்னு எச்சரிச்சார். அவ்வளவு பக்கத்துல இருந்தவரே நிதானமா பேசினார், நாம ஒவ்வொரு தலைவர் பேரையும் கூட்டிக் கழிச்சு அந்திக்கிறிஸ்து இவர்தான்னு வீடியோ போடறோம். சொல்லப்போனா அந்திக்கிறிஸ்துங்கற பேரு வெளிப்படுத்தின விசேஷத்துல எங்கயும் கிடையாது, யோவானோட முதல் ரெண்டு நிருபத்துலதான் இருக்கு, அங்கயும் அநேக அந்திக்கிறிஸ்துகள் ஏற்கனவே வந்துட்டாங்கன்னு சொல்றார்.

நம்ம சபை சொல்றது மட்டும்தான் வேதம், மத்தவங்க வருகையையே நம்பாதவங்கன்னு பேசறதும் தப்பு. கடைசிக் கால உபத்திரவத்துக்கு முன்னாடி சபை இரகசியமா எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் ஏழு வருஷம், அப்புறம் கிறிஸ்துவோட ஆயிரவருஷ அரசாட்சிங்கற வரிசை 19-ம் நூற்றாண்டுல ஜான் நெல்சன் டார்பிங்கற போதகர் மூலமா பரவினது, 1909-ல வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்புகளோட பைபிள் அதை இன்னும் பெருசா கொண்டுபோச்சு. ஆயிரவருஷ அரசாட்சிங்கற நம்பிக்கை மட்டும் அதைவிட ரொம்பப் பழசு, இரேனியுஸே நம்பினார். பழங்கால பிஷப் அகுஸ்தீன் அந்த ஆயிரம் வருஷம் இப்ப நடக்கிற சபையின் காலம்தான்னு எடுத்துக்கிட்டார், கத்தோலிக்கரும் லுத்தரன்காரங்களும் ஏறக்குறைய அந்த வழியிலதான் போறாங்க. சுவிசேஷம் உலகம் பூரா போய் நல்ல காலம் வந்ததுக்கு அப்புறம்தான் வருவார்னு நம்பின மிஷனரிகளும் இருந்தாங்க. இதுல உங்களுக்கு ஒரு பக்கம் சரியா தெரியலாம், தாராளமா அந்தப் பக்கம் நில்லுங்க. ஆனா மாமனார் சிஎஸ்ஐ, மருமகன் பெந்தெகொஸ்தேன்னு இருக்கிற வீட்டுல பண்டிகை நாள் சாப்பாட்டுல இதுக்காக சண்டை போட்டு பேச்சுவார்த்தையே நின்னுபோறது எந்த வசனத்துல இருக்கு? அவர் வருவாருங்கறதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்லயே.

கிருஷ்ணகிரியில நம்ம பக்கத்து கடைக்காரர் முஸ்லிம், பிள்ளைங்க ஒரே ஸ்கூல்ல படிக்குது. எசேக்கியேல்ல இஸ்ரேல் மேல படையெடுத்து வர்ற கோகு மாகோகு கூட்டம் இவங்கதான்னு மைக்ல பேசறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. அந்த அதிகாரத்துல உங்க தெருக்காரங்க பேரு எதுவும் இல்ல, மத்தேயு 25-ல நியாயத்தீர்ப்பு காட்சியில கேக்கிற கேள்வி எல்லாம் பசிச்சவனுக்கு குடுத்தியா, வியாதிக்காரனைப் பாத்தியா, அந்நியனை சேத்துக்கிட்டியாங்கறதுதான்.

காணிக்கை விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன், வருகைக்குள்ள இவ்வளவு விதைச்சா தப்பிப்பீங்கன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

அப்புறம், இத்தனை குழப்பத்தையும் பாத்துட்டு வருகை பேச்சே வேண்டாம்னு ஒதுக்கறவங்களும் இருக்காங்க, முக்கியமா படிச்ச இளைஞருங்க. அவங்க கோபம் எனக்குப் புரியுது, ஆனா அதுவும் நஷ்டம்தான். அவர் வருவார்னு சொன்ன வாக்குத்தத்தம் எங்கன்னு கேலி பண்றவங்களுக்கு 2 பேதுரு 3 பதில் சொல்லுது, தாமதம் மாதிரி தெரியறது அவரோட பொறுமை, ஒருத்தரும் கெட்டுப்போகக்கூடாதுன்னு காத்திருக்கார்னு. அநியாயமா சாகடிக்கப்பட்டவங்களுக்கு, கூலி பிடிச்சுக்கிட்டு விரட்டப்பட்டவங்களுக்கு ஒரு நாள் நியாயம் கிடைக்கும்ங்கற நம்பிக்கை இதுலதான் இருக்கு. யாக்கோபு 5-ல படிங்க, அறுப்பு அறுத்தவங்களோட கூலியைப் பிடிச்சு வச்ச பணக்காரங்களைக் கண்டிச்ச கையோட, கர்த்தர் வருமளவும் பொறுமையா இருங்கன்னு அவர் விவசாயியைக் காட்டித்தான் சொல்றார்.

முறையா படிக்கணும்னு நினைக்கிறவங்க நேரா வெளிப்படுத்தின விசேஷத்துல குதிக்காதீங்க. தெசலோனிக்கேயர் ரெண்டு நிருபத்தையும் ஒரே உக்காரல படிங்க, ரெண்டும் சேந்து எட்டு அதிகாரம்தான். அப்புறம் மத்தேயு 24, 25 ரெண்டையும் பிரிக்காம படிங்க. தானியேல் முதல் ஆறு அதிகாரத்துல அந்த மனுஷன் அரண்மனையில எப்படி வேலை பாத்தான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் 7-க்கு போங்க. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு வரும்போது சங்கீதம், ஏசாயா, எசேக்கியேல், சகரியா பக்கங்களை விரல் வச்சு திருப்பிப் பாக்கத் தயாரா இருங்க, அதுல வர்ற படம் பாதிக்கு மேல அங்க இருந்துதான் வருது. பைபிள் பக்கத்துல இருக்கிற ஒத்துவாக்கிய குறிப்புகளையும் விடாதீங்க, சந்தேகத்தை நோட்ல எழுதி வச்சு உங்க ஆயரையோ போதகரையோ ஃபாதரையோ நேர்ல கேளுங்க, தெரியலன்னு அவர் சொன்னா அந்த பதிலையும் மரியாதையா எடுத்துக்கோங்க.