பேங்க் அனலிஸ்ட் இன்டர்வியூக்கு எப்படித் தயாராகுறது (முதல் தடவை போறவங்களுக்கு)

பெரிய பேங்க் ஒண்ணுல ரிஸ்க் அனலிஸ்ட் வேலை கிடைச்சதுல இருந்து தெரிஞ்சவங்க எல்லாரும் என்ன படிச்சே, என்ன கேட்டாங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன். ரெஸ்யூம் பத்தியெல்லாம் சொல்லப்போறதில்ல, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

1. லேப்டாப்ல போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்), டிபீவர் (அதுல க்வெரி எழுதிப் பாக்குற டூல்) ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணுங்க, ரெண்டும் ஃப்ரீதான். ஆன்லைன் பிராக்டிஸ் சைட்டை விட இதுதான் பெஸ்ட்னு சொல்வேன், ஏன்னா அங்க டேட்டா ரொம்ப சுத்தமா இருக்கும். நீங்களே கஸ்டமர், பேமென்ட்னு ரெண்டு டேபிள் போட்டு, வேணும்னே நடுநடுவுல நல் வேல்யூவும் (NULL, அதாவது காலியா விட்ட இடம்) டூப்ளிகேட்டும் கலந்து வைங்க.

2. பேங்க் அடிப்படை. தவணை 90 நாளுக்கு மேல நிலுவையில இருந்தா என்பிஏ (NPA, வராக்கடன்). அதுக்கு முன்னாடி எஸ்எம்ஏ, அதாவது கவனிக்க வேண்டிய அக்கவுன்ட்னு மூணு படி: எஸ்எம்ஏ-0 (30 நாள் வரை), எஸ்எம்ஏ-1 (31-60), எஸ்எம்ஏ-2 (61-90). ஒரே ஆளுக்கு ரெண்டு லோன் இருந்து ஒண்ணு மட்டும் என்பிஏ ஆனா? ரிசர்வ் பேங்க் விதிப்படி இன்னொண்ணும் என்பிஏதான், ஆளை வெச்சுத்தான் கணக்கு, அக்கவுன்ட்டை வெச்சு இல்ல.

3. எஸ்க்யூஎல் (SQL, டேபிள்ல இருந்து டேட்டா எடுக்கிற மொழி). இங்கதான் கொஞ்சம் நிதானமா படிங்க. "எல்லா கஸ்டமரையும் காட்டு, போன மாசம் எத்தனை பேமென்ட் கட்டினாங்க, கட்டாதவங்களுக்கு 0 வரணும்" இதான் கேள்வி. எல்லாரும் லெஃப்ட் ஜாயின் (பேமென்ட் இல்லாத கஸ்டமரையும் விடாம ரெண்டு டேபிளைச் சேர்க்கிறது) போட்டுடுவாங்க, அது சரி, ஆனா தேதி கண்டிஷனை WHERE-ல போட்டா கட்டாதவங்க மொத்தமா காணாம போயிடுவாங்க. ஏன்னா அவங்களுக்குப் பேமென்ட் பக்கம் நல்தான் வரும், நல் எந்தத் தேதி கண்டிஷனையும் பாஸ் பண்ணாது, கடைசியில அது இன்னர் ஜாயின் (ரெண்டு டேபிள்லயும் இருக்கிறவங்க மட்டும் வர்றது) மாதிரி ஆயிடும். தேதியை ஜாயினோட ON-லயே போடுங்க. அப்புறமும் கவுன்ட் ஸ்டார், அதாவது COUNT(*) போட்டா கட்டாதவங்களுக்கு 0க்கு பதிலா 1 வரும், அந்த வெறும் வரியையும் அது எண்ணிடும்! பேமென்ட் ஐடியைத்தான் கவுன்ட் பண்ணணும். இதை ரெண்டு விதமாவும் ரன் பண்ணி ரிசல்ட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை பாத்துட்டா போதும், அப்புறம் வெறும் நோட்பேட்ல எழுதச் சொன்னாலும் கை தன்னால போகும்.

4. கேஸ் கேள்வி. "நிலுவை சதவீதம் 2ல இருந்து 2.5 ஆயிடுச்சு, ஏன்?" உடனே மக்கள் கட்டலைன்னு ஆரம்பிக்காதீங்க. 100 கோடி லோன்ல 2 கோடி நிலுவைன்னா 2%. புது லோன் கொடுக்கறதை நிறுத்தி மொத்த லோன் பாக்கி 80 கோடியா இறங்கிட்டா, அதே 2 கோடி 2.5% ஆயிடும், ஒருத்தர் கூட புதுசா தவணை தவறல. அதனால முதல்ல கீழ இருக்கிற எண்ணை (வகுக்கிற மொத்த லோன் தொகையை) பாருங்க, அப்புறம் எந்த மாசம் கொடுத்த லோன்னு பிரிச்சுப் பாருங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி திருப்பிக் கேளுங்க, தப்பே இல்ல.

அப்டேட்: கட்டாதவங்க லிஸ்ட் மட்டும் எடுக்க நாட் இன் (NOT IN) போட்டா ஒண்ணுமே வரலைன்னு கமென்ட்ல கேட்டிருந்தீங்க. பேமென்ட் டேபிள்ல கஸ்டமர் ஐடி ஒரே ஒரு இடத்துல NULL-ஆ இருந்தாலும் நாட் இன் காலியாத்தான் திரும்பும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) போடுங்க, சரியா வரும்.