காற்று தடுக்கிறதா, கிளட்ச் நழுவுகிறதா?

ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி தாண்டி காவல்கிணறு வழியாக ஆரல்வாய்மொழிப் பக்கம் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று நம் நெஞ்சிலும்தான் வந்து மோதும். பின்சீட்டில் ஆள், இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் விண்ட்ஷீல்டு என்று நிற்கிற டூரிங் வண்டி அங்கே 80-லிருந்து 60-க்கு இறங்கினால் சரி, காத்து என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன். காற்றும் இருந்தது, எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிற கிளட்சும் போயிருந்தது.

நான் செய்த தவறு, ஸ்பீடோமீட்டரை மட்டும் பார்த்தது. கிளட்ச் சரியாகப் பிடித்திருக்கும்வரை ஒரே கியரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒன்றாகக் கட்டிப்போட்ட மாதிரிதான். டாப் கியரில் 80-க்கு 4,000 ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றுகிற சுற்று) காட்டுகிற வண்டி 60-க்கு 3,000 தான் காட்ட முடியும். எதிர்காற்றோ ஏற்றமோ அமுக்கினால் இரண்டு முள்ளும் சேர்ந்து இறங்கும். 60-ல் போகும்போது 3,800 காட்டினால் அது காற்றின் வேலை இல்லை, கிளட்ச் நழுவுகிறது. (செயின் பல் தாண்டினால் ‘கடக் கடக்’கென்று சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.)

இது தெரியாமல் ஒர்க் ஷாப்பில் போய் “அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டுக்கு” என்றேன். இழுக்கவில்லை என்றால் அவர் எதைப் பார்ப்பார்? ஏர் ஃபில்டர், பிளக், செயின் ஸ்பிராக்கெட் என்று வரிசையாக மாற்றினார்கள், காசும் போனது, வண்டி அப்படியே இருந்தது. “ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறல” என்று சொல்லியிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது, சோதித்துப் பார்க்கிற முறை. முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்சை விட்டு, எஞ்சின் அணைந்துவிட்டால் ‘கிளட்ச் நல்லா இருக்கு’ என்று தீர்ப்பு சொல்வார்கள். பாதி செத்த கிளட்ச்கூட இதில் பாஸ் ஆகிவிடும், திரும்பத் திரும்பச் செய்தால் கிளட்சுக்குள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கிற பிளேட்டுகள் நல்லதாக இருந்தாலும் கருகும். காலையில் ஆறிய எஞ்சினோடு தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதும் உதவாது. நழுவல் முதலில் தலைகாட்டுவது எஞ்சின் நன்றாகச் சூடானபின், டாப் கியரில், முறுக்கிப் பிடிக்கும்போதுதான். அதனால் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நாங்குநேரிப் பக்கம் மாதிரி நாலுவழிச்சாலை காலியாக இருக்கிற இடத்தில், டாப் கியரில் 60-ல் வைத்து ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி முன்னால் ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

எனக்குக் கோபம் வருகிற இடம் கேபிள்தான். கிளட்ச் நழுவுகிறது என்றதும் கேபிளை ‘டைட்’ வைக்கிறார்கள், செய்ய வேண்டியது நேர் எதிர். பிளேட் தேயத் தேய அவற்றை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் உள்ளே நகர்கிறது, அதனால் லிவரில் இருக்கிற பிளே (கேபிள் இழுபடுவதற்கு முன் லிவர் சும்மா ஆடுகிற அளவு) தானாகவே குறைந்துகொண்டு வரும். அது சுத்தமாகப் போய்விட்டால், நீங்கள் லிவரைத் தொடாமலே கேபிள் கிளட்சைக் கொஞ்சம் அமுக்கிப் பிடித்த நிலையில் வைத்திருக்கும், அதாவது நாள் முழுக்க ஹாஃப் கிளட்ச். பெரும்பாலான வண்டிகளில் லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும், சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும் பாருங்கள், டேங்க் பையோ பாக்ஸ் கம்பியோ கேபிளை இழுத்துப் பிடித்திருக்கலாம். எத்தனையோ வண்டிக்கு கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கிற அட்ஜஸ்டரைச் சில சுற்று தளர்த்தினாலே போதும். கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிற ஹைட்ராலிக் கிளட்சில் இந்த வேலை இல்லை, ஆனால் ஃப்ளூயிடை ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேல் ஊற்றினாலோ, லிவரோடு இருக்கிற மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்புகிற சின்ன ஓட்டை அடைத்துக்கொண்டாலோ அதே கதைதான்.

அப்புறம் ஆயில். நம் ஊரில் ஓடுகிற பெரும்பாலான டூரிங் வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. வழியில் கிடைத்ததே என்று கார் ஆயிலை ஊற்றினால், பெட்ரோலை மிச்சப்படுத்த அதில் சேர்க்கிற வழுக்குப் பொருள் கிளட்சையும் வழுக்கவைக்கலாம். டப்பாவின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA, ஜப்பானியத் தர முத்திரை) அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கிறதா பாருங்கள், ‘எம்பி’ ஸ்கூட்டருக்கானது. சிந்தெடிக் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள், எம்ஏ முத்திரை இருந்தால் சிந்தெடிக்கும் சரிதான்.

பிளேயும் ஆயிலும் சரியாக இருந்தும் நழுவினால் மட்டும் கிளட்ச் கவரைக் கழற்றுங்கள். இங்கே கண்ணை நம்பக் கூடாது. புதிதில் 3 மில்லிமீட்டர் இருக்கிற பிளேட் 0.3 தேய்ந்தால் கையில் பார்க்கப் புதுசு மாதிரிதான் தெரியும், ஆனால் ஏழு பிளேட் சேர்ந்தால் 2 மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டது, அந்த அளவுக்கு ஸ்பிரிங்கின் அழுத்தமும் குறைந்துவிட்டது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இடையிடையே இருக்கிற ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டால் வளைவு தெரிந்துவிடும், நீலம் பாய்ந்திருந்தால் நன்றாகச் சூடு கண்டது என்று அர்த்தம். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு தளர்ந்த ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டால் சீக்கிரமே மறுபடியும் கழற்றுவீர்கள். புது பிளேட்டை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப்போடணும். கழற்றும்போதே வரிசையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சில வண்டிகளில் கடைசி பிளேட் தனிக் காடியில் உட்காரும்.

குற்றால சீசனில் தென்காசியிலிருந்து ஊர்ந்து போகும்போது இரண்டு விரலை லிவரிலேயே வைத்து ஹாஃப் கிளட்சில் ஓட்டியவர்கள், பிளேட் தேய்வதைப் பற்றி மேலே சொன்னதை இரண்டு தரம் படிக்கலாம்.

வழியிலேயே மாட்டிக்கொண்டால், டாப் கியரில் போட்டு எஞ்சினுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைக்காதீர்கள், அதில்தான் அதிகம் நழுவும். ஒரு கியர் இரண்டு கியர் குறைத்து, மெல்லத் திருகி, ஏற்றம் இல்லாத வழியாகப் போங்கள். நான் அன்றைக்கு மூன்றாம் கியரில் 40-ஐத் தாண்டாமல் காவல்கிணற்றிலிருந்து வள்ளியூர் வரைக்கும் திரும்பினேன், பின்னால் காற்று தள்ளிக்கொண்டு வந்தது.