உதகைக் குளிரில் ஒரு வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரை முதன்முறை கட்டுபவர்கள், 12ஏயு7 என்னும் வால்வுக்குப் பின்னால் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டரை இணைக்கும் கலப்புச் சுற்றையே தேர்வது நல்லது. 24 வோல்ட் அடாப்டரே போதும் என்பதால், உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் பெட்டிக்குள் வராது. ஒரே வால்வின் இரு பாதிகளும் இடம், வலம் என இரு காதுகளுக்கும் உதவும். வால்வைச் சூடேற்றும் இழைக்கு 12.6 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் தேவை. அதை எல்எம்317 என்னும் சீராக்கிச் சில்லைக் கொண்டு, சிறு வெப்பத்தகட்டுடன் அமைக்கலாம். மாஸ்ஃபெட்டுகளுக்கோ பெரிய தகடே வேண்டும். வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் 32 ஓம் ஹெட்ஃபோனில் தாழ்சுருதி குறையாது.

ஆடி மாதப் பனிமூட்டம் வீட்டுக்குள்ளும் நுழையும் உதகையில், சுற்றுப் பலகையில் படியும் ஈரம் வால்வின் கிரிட் (ஒலிக்குறிகை நுழையும் முனை) பகுதியில் மின்கசிவையும் இரைச்சலையும் உண்டாக்கும் என்பதால், பற்றவைத்த பின் ஃப்ளக்ஸ் (பற்றவைக்க உதவும் பசை) கறையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வால்வு சாக்கெட்டை மட்டும் விட்டுவிட்டு வார்னிஷ் பூச வேண்டும். மின்தேக்கி நிரம்பும்போது எழும் அதிர்வு காதையும் கருவியையும் தாக்காதிருக்க, இழை சூடேறி அரை நிமிடம் கழிந்த பின்னரே ஹெட்ஃபோனைச் செருகவும்.