நான்கு நண்பர்கள், ஒரு டிரெய்லர் படகு: சிட்னியிலிருந்து கடலுக்கு மீன்பிடிக்கச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் நம்மவர்களில் சிலர் ஐந்தரை அல்லது ஆறு மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகொன்றை டிரெய்லரில் ஏற்றி, வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓரிரு ஆண்டுகள் ஆற்றிலும் குடாவிலும் மீன்பிடித்த பிறகு, முகத்துவாரத்தைத் தாண்டி வெளிக்கடலுக்குப் போகவேண்டும் என்ற ஆசை இயல்பாகவே வருகிறது. அப்படி முதல்முறையாக மூன்று நண்பர்களை அழைத்துச் செல்லவிருக்கும் படகுக்காரரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். புறப்படும் இடமாக பாட்டனி பே என்னும் குடாவை எடுத்துக்கொள்கிறேன். அதன் வாய் அகலமானது. பல ஆற்றுமுகங்களில் இருப்பதுபோல் அலை உடைக்கும் மணல்திட்டு அங்கே குறுக்கே கிடையாது. ஆகையால் கடலைப் பழகுவதற்கு ஏற்ற வாசல் அது.

தூண்டிலையும் இரையையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்த நிலையில் போகமாட்டோம் என்பதை நாள் குறிக்கும்போதே நால்வரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இதைச் செய்யாமல் விட்டோம். ஒரு மாதத்துக்கு முன்பே நாள் குறித்திருந்தோம். ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தார், இன்னொருவர் நள்ளிரவில் எழுந்து எல்லாருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். காற்று வலுக்கும் என்று முன்னறிவிப்பில் தெளிவாக இருந்தும், வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. குடாவின் வாயின் இருபுறமும் உள்ள கேப் பேங்க்ஸ், கேப் சொலாண்டர் முனைகளுக்கு இடையே வெளியேறும்போது ஓர் அலை படகின் முன்பகுதியான அணியத்தின்மேல் ஏறி உள்ளே விழுந்தது. அப்போதுதான் திரும்பினோம். யாருக்கும் எதுவும் நேரவில்லை என்றாலும், நட்பின் தயக்கம் ஒரு படகை எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்லும் என்பதை அன்று கண்டேன். இப்போதெல்லாம் நாள் குறிக்கும் அதே வாட்ஸ்அப் செய்தியிலேயே எங்கள் எல்லைகளையும் எழுதிவிடுகிறோம்: காற்று மணிக்கு 15 கடல்மைல், அதாவது 15 நாட் வேகத்துக்கு மேல் என்றாலோ, அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றாலோ பயணம் இல்லை, முடிவு முதல்நாள் இரவு எட்டு மணிக்கு, படகை ஓட்டுபவரின் சொல்லே இறுதி. மாற்று நாள் ஒன்றையும் சேர்த்தே குறித்துவிடுவதால், கைவிடுவதில் வருத்தம் குறைகிறது.

முன்னறிவிப்பைப் படிப்பதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும். ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் கரையோரக் கடல் அறிக்கையில் காணப்படும் காற்றின் வேகம் சராசரி வேகமே. வீச்சுக்காற்று அதைவிட 40 விழுக்காடு கூடுதலாக இருக்கக்கூடும். அலையின் உயரமும் அப்படியே: ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால், இடையிடையே மூன்று மீட்டர் அலையும் வரலாம் என்று அந்த மையமே எச்சரிக்கிறது. உயரத்தோடு, இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பாருங்கள். பன்னிரண்டு வினாடிக்கு ஒன்றாக வரும் இரண்டு மீட்டர் அலையில் படகு மெல்ல ஏறி இறங்கும். அதே உயரம் ஆறு வினாடிக்கு ஒன்றாக வந்தால், செங்குத்தான சுவர்கள் வரிசையாக வருவதுபோல் இருக்கும். இங்கே இன்னொரு காரணியும் உண்டு. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. அதற்கு எதிரே தென்காற்று வீசும்போது, காற்றின் வேகத்தைக் கொண்டு நாம் எதிர்பார்ப்பதைவிடக் கடல் மிகவும் கரடுமுரடாக எழும்பும். கோடையில் காலை அமைதியாக இருந்தாலும், நண்பகலுக்குப் பின் வடகிழக்குக் காற்று வலுப்பது வழக்கம். வெயில் கொளுத்திய நாளில் தெற்கிலிருந்து திடீரென்று பாய்ந்துவரும் சதர்லி பஸ்டர் என்னும் காற்றைப் பற்றிய எச்சரிக்கை இருந்தால், அது வரும் நேரத்துக்கு வெகு முன்பே டிரெய்லரில் படகு ஏறியிருக்க வேண்டும். எனவே விடியும் நேரத்தில் இறங்கி, பதினோரு மணிக்குள் கரைக்குத் திரும்புவதே எங்கள் வழக்கம்.

படகில் பதித்திருக்கும் தகடு எத்தனை பேரை, எவ்வளவு எடையை ஏற்றலாம் என்று சொல்லும். ஐஸ்பெட்டி, எரிபொருள், நான்கு பேரின் பைகள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஐந்தாவது நண்பருக்கு அடுத்த முறை இடம் கொடுங்கள். எரிபொருளை மூன்றாகப் பகுப்பது பழைய, நம்பத்தக்க விதி: 120 லிட்டர் தொட்டியில் போவதற்கு 40, வருவதற்கு 40, எதிர்பாராததற்கு 40.

டிரெய்லரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடலில் பழுதாகி நிற்கும் படகுகளைப் போலவே நெடுஞ்சாலையோரத்தில் நிற்கும் படகுகளும் உண்டு. ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய சக்கர பேரிங்கைக் குளிர்ந்த உப்புநீரில் இறக்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சுகிறது. அடுத்த சில பயணங்களில் கிரீஸ் கெட்டு, பேரிங் துருவேறிச் சிதைகிறது. ஆகவே துறைக்கு வந்ததும் உடனே இறக்காமல், படகை ஆயத்தம் செய்யும் நேரத்தில் சக்கரங்கள் ஆறட்டும். மையப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே கோளாறு இருக்கிறது. மொத்த எடையில் சக்கரங்கள் தாங்கும் பங்கு 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். நமது அளவிலான படகுகள் பெரும்பாலும் முதல் வரம்பைக் கடந்துவிடும்.

பாதுகாப்புக் கருவிகளில் சட்டம் கேட்பதைக் குறைந்தபட்சமாகவே கொள்ளுங்கள். கரையிலிருந்து இரண்டு கடல்மைல் அல்லது அதற்கு மேல் போகும் படகில், இபர்ப் எனப்படும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி இருந்தாக வேண்டும். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் கட்டணமின்றிப் பதிவுசெய்யலாம். சிவப்புக் கைச்சுடர், செம்மஞ்சள் புகைச்சுடர், வானிலிருந்து தெரியும்படி வி எழுத்து பொறித்த செம்மஞ்சள் விரிப்பு, விஎச்எஃப் வானொலி, நங்கூரம், வாளி ஆகியவை எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுடர்களில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் எங்கள் படகில் துறை முதல் துறை வரை எல்லார் உடம்பிலும் இருக்கும். அதைப் பெட்டியில் வைத்திருப்பதால் பயனில்லை, தண்ணீரில் விழுந்த பிறகு அதை அணிவது மிகக் கடினம். பத்து நாட் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்ட நியூ சவுத் வேல்ஸில் உரிமம் தேவை. ஓட்டுபவருக்கு மதுவின் அளவு சாலையில் உள்ளதைப் போலவே 0.05 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். கடலில் எவரும் குடிப்பதில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. பதினெட்டு வயதைக் கடந்த, விலக்கு இல்லாத ஒவ்வொருவரும் மீன்பிடிக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். படகுக்காரர் செலுத்திய கட்டணம் விருந்தினருக்குச் செல்லாது.

ஃபோர்ஷோர் ரோடு படகுத்துறையில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். சரிவுக்கு வருவதற்கு முன், ஒதுக்குப்புறத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்: பொருள்களை ஏற்றுதல், பின்பக்கப் பட்டைகளை அவிழ்த்தல், விளக்குக் கம்பியைக் கழற்றுதல், வடிகால் துளையின் தக்கையைத் திருகுதல். தக்கையை ஒருவர் போடவும் இன்னொருவர் கையால் தொட்டு உறுதிசெய்யவும் வேண்டும். முன்பக்கச் சங்கிலியை மட்டும் படகு நீரைத் தொடும்வரை கழற்றாதீர்கள். ஈரச் சரிவில் படகு பின்னோக்கி வழுக்கி கான்கிரீட்டில் விழுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

படகு மிதந்ததும், எஞ்சினை முடுக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லாரும் கேளுங்கள். இபர்ப் எங்கே, அதை எப்படி இயக்குவது, வானொலியில் 16ஆம் அலைவரிசையில் மேடே என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லி இடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் எப்படித் தெரிவிப்பது, எஞ்சினை நிறுத்தும் கயிறு எது, ஒருவர் விழுந்தால் யார் அவரைவிட்டுக் கண் எடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருப்பது என்பவற்றை விளக்குங்கள். ஓட்டுபவரே விழுந்துவிட்டால் படகைத் திருப்பத் தெரிந்த இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு மெரைன் ரெஸ்க்யூ அமைப்பிடம் வானொலியிலோ செயலியிலோ பதிவுசெய்யுங்கள்: படகின் எண், ஆட்கள், போகுமிடம், திரும்பும் நேரம். சொன்ன நேரம் கடந்தும் நீங்கள் திரும்பியதைத் தெரிவிக்காவிட்டால் அவர்கள் உங்களைத் தேடத் தொடங்குவார்கள். அந்தத் தன்னார்வலர்களின் உழைப்பை மதித்து, திரும்பியதும் மறக்காமல் தெரிவியுங்கள்.

பாட்டனி துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களால் நமக்காக விலகவோ நிற்கவோ முடியாது. அவற்றின் பாதையைக் குறுக்கிடாதீர்கள். குளிர்காலத்தில் கேப் சொலாண்டரை ஒட்டித் திமிங்கிலங்கள் வடக்கே செல்லும். அவற்றிடமிருந்து நூறு மீட்டரும், குட்டி உடனிருந்தால் முந்நூறு மீட்டரும் விலகியிருக்க வேண்டும்.

கடல்மயக்கம் எவருக்கும் வரலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை. மருந்தாளரிடம் கேட்டு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே விழுங்க வேண்டும், தலை சுற்றத் தொடங்கிய பிறகு அது உதவாது. வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி போதும். மயங்குபவரைப் படகின் பின்பகுதியில் நடுவே அமரவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலைமை மோசமானால் அன்றைய மீன்பிடிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மீன். முதல் பயணத்துக்கு நாற்பது, ஐம்பது மீட்டர் ஆழத்து மணல்தரையில் படகை மிதக்கவிட்டு ஃபிளாட்ஹெட் என்னும் தட்டைத்தலை மீனைப் பிடிப்பதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதற்கு நங்கூரம் வேண்டாம், நால்வரும் ஒரே நேரத்தில் தூண்டில் போடலாம், புதியவருக்கும் மீன் கிடைக்கும். தூண்டில் இழையான நரம்பின் அடியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு தூண்டில்முள், இரையாகக் கணவாய்த் துண்டு. குண்டு தரையைத் தட்டிக்கொண்டே நகர வேண்டும். படகு காற்றோடு பக்கவாட்டில் மிதந்து செல்வதால், காற்று வரும் பக்கத்தில் இறக்கிய நரம்பு படகைவிட்டு விலகிச் செல்லும். மறுபக்கத்தில் இறக்கியது அடியில் புகுந்து மற்றவற்றோடு சிக்கும். எனவே எல்லாரும் காற்றுப் பக்கத்திலேயே, அணியம் முதல் பின்முனை வரை இடைவெளிவிட்டு அமர்ந்து, ஒரே எடையுள்ள குண்டைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் 200 கிராமும் மற்றவர் 300 கிராமும் போட்டால் நரம்புகள் வெவ்வேறு சாய்வில் ஓடிப் பின்னிக்கொள்ளும். அரை நாள் அதை அவிழ்ப்பதிலேயே போய்விடும். ஓரத்தில் கூடும் எடையைச் சமன்செய்ய ஐஸ்பெட்டியை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். மிதவை வேகமானால் கடலில் இறக்கும் துணிக்குடை அதை மட்டுப்படுத்தும். மீன் கடித்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, மீண்டும் காற்று வரும் திசையில் ஏறிப் போய் அதே கோட்டில் மிதந்து வாருங்கள்.

ஃபிளாட்ஹெட்டின் செவுள்மூடியில் கூரிய முட்கள் உண்டு, ஈரத்துணியால் பிடியுங்கள். மணல் முடிந்து பாறை தொடங்கும் ஓரங்களில் ஸ்னாப்பர் கிடைக்கும். ஊரில் நாம் சங்கரா என்று வாங்கும் மீனின் இனம் வேறு, இது வேறு. கிங்ஃபிஷ் என்ற பெயரைக் கேட்டு வஞ்சிரத்தை, யாழ்ப்பாணத்தார் சொல்லும் அறக்குளாவை, எதிர்பார்க்காதீர்கள். இங்கே அது மஞ்சள் வாலுடைய, பாறையை நோக்கிப் பாய்ந்து நரம்பை அறுக்கும் வேறொரு வலிய மீன். நியூ சவுத் வேல்ஸ் விதிப்படி ஸ்னாப்பர் 30 சென்டிமீட்டருக்கும் கிங்ஃபிஷ் 65 சென்டிமீட்டருக்கும் குறையக்கூடாது. ஆளுக்கு ஸ்னாப்பர் பத்து, கிங்ஃபிஷ் ஐந்து என்பது உச்ச எண்ணிக்கை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் ஃபிஷ்ஸ்மார்ட் செயலியில் சரிபாருங்கள். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் சிறு ஸ்னாப்பரின் காற்றுப்பை வீங்கி, அது மூழ்க முடியாமல் மிதக்கும். விடுவிப்பதற்கென்று விற்கும் எடையை அதன் தாடையில் கோத்து அடிக்கு இறக்கினால் பிழைக்கும்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே மூளையில் குத்திக் கொன்று, இரத்தம் வடித்து, இரண்டு பங்கு ஐஸும் ஒரு பங்கு கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுதாக அமிழ்த்துங்கள். அதிகாரி வந்தால் அளந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், கடலில் துண்டு போடாதீர்கள்.

கரையேறியதும் மெரைன் ரெஸ்க்யூவுக்குத் தகவல், பட்டைகள், விளக்குக் கம்பி, தக்கையைக் கழற்றி நீர் வடித்தல். வீட்டில் எஞ்சினுக்குள் பத்து நிமிடம் நன்னீர் ஓடட்டும், டிரெய்லரையும் கழுவுங்கள். இதைப் படகுக்காரர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் பையோடு கிளம்பிவிடும் வழக்கம் நட்பைத் தேய்க்கிறது. எரிபொருள், இரை, ஐஸ் ஆகியவற்றின் செலவை நான்காகப் பகிருங்கள். மீனை, பிடித்தவர் யாராயினும், சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்பரின் தலையையும் நடுமுள்ளையும் எறிந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் சேர்த்துச் சொதி வைக்க அதைவிட நல்ல பகுதி இல்லை.