வாஸ்குலர் சர்ஜன் (ரத்தக் குழாய் அறுவை மருத்துவர்) ஆக வேண்டுமா? எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு

முதலில் வயதுக் கணக்கைப் போட்டுவிடுங்கள். மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிக்கும்போது 17 வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பாக மெட்ரிகுலேஷன் ஓராண்டு, அல்லது எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு. மருத்துவப் பட்டம் 5, ஹவுஸ்மேன்ஷிப் (பட்டத்துக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சி) 2, பொது அறுவைச் சிகிச்சை மாஸ்டர்ஸ் 4, அதற்கு மேல் வாஸ்குலர் உட்பிரிவுப் பயிற்சி சுமார் 3. நடுவில் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) வேலையும் இடத்துக்காகக் காத்திருப்பதும் சேர்ந்தால் முப்பத்தைந்தைத் தாண்டும். வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவதே நல்லது.

பள்ளியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் குறைந்தது பி வாங்க வேண்டும். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் பின்னாளில் நிரந்தர அரசுப் பதவிக்குத் தடையாகும். அனைத்துலகப் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரி என்றால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே மலேசிய மருத்துவ மன்றம் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளூரில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் அயர்லாந்துக் கல்வி நிலையங்களின் ஆர்.சி.எஸ்.ஐ. யூ.சி.டி. வளாகம் போன்றவை இருக்கின்றன.

உண்மையான படிப்பு ஹவுஸ்மேன் வார்டில்தான் தொடங்குகிறது. இனிப்பு நீர் நோயாளியின் புண்ணுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், கணுக்காலின் உட்புறம், பாதத்தின் மேற்புறம் என நான்கு இடங்களிலும் நாடியைத் தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலின் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது. 1.4க்கு மேல் வந்தால் நிம்மதி அடைய வேண்டாம்: சுண்ணாம்பு படிந்து இறுகிய ரத்தக் குழாய், அழுத்தம் அளக்கும் பட்டைக்கு நசுங்காததால் வரும் பொய்யான எண் அது. அப்போது கால்விரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதாகி வருபவரின் முன்கையில் பிரானுலா (நாளத்தில் செருகும் ஊசிக் குழாய்) போடாதீர்கள், குறிப்பாக அதிகம் பயன்படுத்தாத கையில். டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலாவை (தமனியையும் நாளத்தையும் சேர்க்கும் இணைப்பு) மணிக்கட்டில் அமைக்கத் தேவையான செஃபாலிக் நாளம் அங்கேதான் ஓடுகிறது. ஒரே ஊசியில் அது தழும்பேறிச் சுருங்கிவிடலாம். புறங்கையில் போடுங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே ஒரு நோயாளியின் பல ஆண்டுகளைக் காப்பாற்றும்.

எம்.ஓ. ஆனதும் எம்.ஆர்.சி.எஸ். என்ற அறுவை மருத்துவத் தேர்வின் முதல் பகுதியை எழுதிவிடுவது நல்லது: 300 கேள்விகள், எல்லாம் அடிப்படை அறிவியலும் அறுவைப் பொது அறிவும். 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவர்கள் ஒப்பந்தத்தில்தான் சேர்க்கப்படுகிறார்கள். அதனால் நிரந்தரப் பதவி, மாஸ்டர்ஸ் இடம், உதவித்தொகை மூன்றுக்கும் வரும் அறிவிப்புகளைத் தனித்தனியாகக் கவனியுங்கள். லாக்புக்கை (அறுவைகளின் பதிவேடு) அன்றன்றே நிரப்புங்கள். உதவினீர்களா, நீங்களே செய்தீர்களா என்பது தெளிவாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும்.

கைப்பழக்கத்துக்கு வீட்டிலேயே வழி உண்டு. கையுறையின் விரல் பகுதியைக் குழாய்போல் வெட்டி, 6-0 புரோலீன் என்ற மெல்லிய தையல் நூலால் இரண்டு முனைகளையும் இணைத்துப் பாருங்கள். தமனியில் ஊசி உள்ளிருந்து வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் உள்படலமும் கொழுப்புப் படிவும் பிரிந்து, ரத்த ஓட்டத்தில் மடிந்து குழாயை அடைத்துவிடும். நூலை ஊசி பிடிக்கும் கருவியால் கவ்வவே கூடாது. கவ்விய இடம் நைந்து, முடிச்சு இறுகும்போது அறுந்துவிடும்.

மாஸ்டர்ஸ் முடிந்தபின் உட்பிரிவுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். கோலாலம்பூர் மருத்துவமனையில் வாஸ்குலர் பிரிவு இருக்கிறது. கத்தியைப் போலவே கதீட்டரும் (ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழல்) ஸ்டென்ட்டும் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) இன்று இந்த வேலையின் பாதி. எக்ஸ்ரேயின் கீழ் மணிக்கணக்கில் நிற்க வேண்டும் என்பதால், ஈய அங்கியோடு தைராய்டுக் காப்பும் கதிர்வீச்சு அளவியும் முதல் நாளிலிருந்தே அணியுங்கள்.