ஜீரோ டிஸ்சார்ஜ் ரூலுக்குள்ள சாயப்பட்டறைய கட்டுபடியா நடத்துறது எப்படி

திருப்பூர்ல புதுசா சாயப்பட்டறை எடுக்கறவங்க முதல்ல கேக்குறது, ஒரு சொட்டு கூட வெளிய விடக்கூடாதுன்னா எப்படிங்க கட்டுபடியாகும்னுதான். கட்டுபடியாகும்ங்க. ஆனா எல்லாரும் கழிவுத்தண்ணிய ஆவியாக்குற எவாப்பரேட்டர் பக்கமே பாக்கறாங்க, செலவு தெரியறது அங்கதான், அது உண்டாகுற எடம் டையிங் மெஷின். அங்க இருந்து ஆரம்பிங்க.

கொஞ்சம் பழைய கதை தெரிஞ்சுக்கணும். 90கள்ல சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு கலரை மட்டும் எடுத்துட்டு தண்ணிய நொய்யல் ஆத்துல விட்டாங்க. பாக்கறதுக்கு தெளிவா இருக்கும், சாயம் துணில ஏறறதுக்காகப் போட்ட உப்பு அப்படியே இருக்கும். டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு மாதிரி சமாச்சாரம், லிட்டருக்கு 2100 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு விதி இருந்தும் யாரும் உப்பைத் தொடல. பாசனத்துக்குன்னு 1992ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணி தேங்குற குட்டை ஆயிப்போச்சு, கீழ இருந்த விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க, கடைசில 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல 700க்கும் மேல பட்டறை மூடுச்சு. அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்லீங்க, பாழானது அவங்க கெணறு. உப்பை என்ன பண்றதுன்னு இந்த ஊரு உண்மையா ஒக்காந்து யோசிச்சது அதுக்கப்புறம்தான், அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்துல உப்புத்தண்ணியவே திருப்பி சாயத்துக்கு எடுக்கலாம்னு செஞ்சு காட்டினாங்க.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல ஒரு வாரம் எதையும் மாத்தாம அளந்து எழுதுங்க, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணி, எத்தனை கிராம் உப்பு, ஷேடு வாரியா. மீட்டர் இல்லேன்னா மாட்டுங்க, அந்த நோட்டு இல்லாம மேல எதுவும் பண்ண முடியாது.

அடுத்தது லிக்கர் ரேஷியோ, அதாவது ஒரு கிலோ துணிக்கு மெஷின்ல எத்தனை லிட்டர் தண்ணி நிக்குதுங்கற கணக்கு, பெரிய காசு இதுலதான் இருக்கு. ஒரு டன் துணி, 1க்கு 8 ஓடுற மெஷின்னு வைங்க, சாய பாத்துக்கு, அதாவது துணி முங்குற சாயத்தண்ணிக்கு, 8000 லிட்டர், லிட்டருக்கு 60 கிராம் உப்புன்னா 480 கிலோ. அதே துணி 1க்கு 5 மெஷின்ல 5000 லிட்டர், 300 கிலோ. ஒரே லாட்ல 180 கிலோ உப்பு உள்ளயே வரல, வராத உப்பை ஆவியாக்க விறகும் எரிக்க வேண்டாம், மூட்டை கட்டி ஷெட்ல அடுக்கவும் வேண்டாம். தண்ணி ஜாஸ்தி குடிக்குற பழைய வின்ச் மெஷினை இன்னும் ஓட்டிட்டு மெஷின் வெலை ஜாஸ்திங்கறவங்க இந்தக் கணக்கை ஒரு மாசத்துக்குப் போட்டுப் பாருங்க. சாயமும் பாத்து வாங்குங்க, துணில நல்லா ஏறுற, உப்பு கம்மியா கேக்குற ரியாக்டிவ் சாயம் கிலோ வெலை கூட இருந்தாலும், ஏறாம நிக்குற சாயத்தைக் கழுவ ஓடுற வாஷ் கொறையும்.

சாய பாத் தண்ணியயும் வாஷ் தண்ணியயும் ஒரே சாக்கடைல விடாதீங்க. உப்பு முக்கால்வாசி பாத்லதான் இருக்கு, கலந்துட்டா மொத்தமும் உப்புத்தண்ணி ஆயிரும். ரெண்டு பைப் போடுறது பெரிய செலவு இல்ல, கட்டடம் கட்டறப்பவே போட்டுட்டா. பின்னாடி தரைய ஒடைச்சுப் போடுற கஷ்டத்தை நான் பட்டுட்டேன், மெஷின் நிறுத்தி பதினோரு நாள்.

சாதா உப்பும் சோடியம் சல்பேட்டும் மாத்தி மாத்திப் போடுற பழக்கத்தையும் விட்டுருங்க. ரெண்டும் கலந்து காஞ்சா வர்ற மிக்ஸட் சால்ட்டை யாரும் வாங்க மாட்டாங்க. சல்பேட் மட்டும்னா ரிஜெக்ட்டை, அதாவது ஆர்ஓ ஃபில்டர்ல நல்ல தண்ணி பிரிஞ்சப்புறம் மிஞ்சுற உப்புத்தண்ணிய, சில்லர்ல குளுர வச்சாலே உப்பு கற்கண்டு மாதிரி படிஞ்சு அடில நிக்கும், அலசி எடுத்து திரும்ப பாத்லயே போடலாம். இது பட்டறைக்குள்ள எல்லாரும் ஒத்துக்கணும், பொது நிலையம்னா மெம்பர் எல்லாரும் ஒத்துக்கணும், ஒருத்தர் சாதா உப்பு போட்டாலும் எல்லாருக்கும் கெடுதல்.

உப்புத்தண்ணிய அப்படியே திருப்பி எடுக்கறீங்கன்னா மூணு டெஸ்ட் பண்ணாம மெஷினுக்குள்ள விடாதீங்க. ஹார்ட்னஸ் (கால்சியம், மெக்னீசியம்) இருந்தா சாயம் திட்டுத் திட்டா விழும். காரத்தன்மை மிச்சம் இருந்தா துணி முழுக்க சமமா பரவறதுக்கு முன்னாடியே சாயம் புடிச்சுக்கும், அதனால ஆசிட் விட்டு பிஹெச்ச 7க்குக் கீழ கொண்டு வாங்க. மூணாவது கலர் மிச்சம், வெள்ளை பீக்கர்ல ஊத்தி வெளிச்சத்துல பாத்தாலே தெரியும். அப்புறம் உப்பு எவ்வளவு ஏற்கனவே இருக்குன்னு அளந்து மீதிய மட்டும் போடுங்க.

முதல் லாட் கருப்பு, நேவி மாதிரி டார்க் ஷேடுல ஆரம்பிங்க. லேப்ல அதே சாயத்துல புது உப்புல ஒரு துண்டு, திருப்பி எடுத்த தண்ணில ஒரு துண்டு போட்டு பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒத்து வந்துச்சுன்னா மட்டும் பல்க், லைட் ஷேடுக்கு அதுக்கப்புறம் மெதுவா வரலாம்.