ஓடைக் கல்லுக்கு அடியில் கல் ஈ: குடும்பம், பேரினம், சிற்றினம் வரை

இளமையில் ஓடைக் கற்களுக்கு அடியில் வாழும் பூச்சியான கல் ஈயை (ஸ்டோன்ஃப்ளை) அடையாளம் காணச் சொல்லித்தரும் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. அங்கே குடும்பங்கள் அதிகம். அந்தப் பட்டியலோடு நம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை ஓடையில் உட்கார்ந்தால் தலை சுற்றும். நம் பக்கத்து மலை ஓடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பெர்லிடே குடும்பம். எப்போதாவது சிறிய நெமூரிடே. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதியை எனக்குக் கைகொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கே, எப்போது

ஒகேனக்கல்லில் காவிரியின் பெரிய நீரோட்டத்தில் தேட வேண்டாம். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி பக்கத்து மேலகிரி போன்ற இடங்களில் மரநிழலில் கல்மேல் சலசலத்து ஓடும் சிற்றோடைதான் சரி. நம் ஓடைகள் பலவும் கோடையில் வற்றிவிடுகின்றன. அதனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளியும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. வனத்துறை நிலத்தில் பூச்சி பிடிக்க அனுமதி கட்டாயம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது. மேலகிரி யானைக் காடு, இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

பிடிப்பது

வலையை ஓட்டத்துக்கு எதிராக, வாய் நீர் வரும் திசையைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளற வேண்டும். தனியாகப் போனால் உள்ளங்கை அளவு கல்லைத் தூக்கி வெள்ளைத் தட்டில் வைத்துப் புரட்டினாலே போதும். பார்த்த பின் கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே வைத்துவிடுங்கள், அதன் அடியில் இன்னும் எத்தனையோ உயிர்கள் ஒட்டியிருக்கும். பூச்சியை எடுக்க இடுக்கியைவிட மெல்லிய ஓவியத் தூரிகையையே நான் சிபாரிசு செய்வேன். இடுக்கி பட்டால் வாலும் காலும் கழன்றுவிடும், அடையாளமே அவற்றில்தான் இருக்கிறது. விலை உயர்ந்த நுண்ணோக்கி இப்போதைக்கு வேண்டாம். 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள்.

கல் ஈதானா?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "இரண்டு வால் இருந்தால் கல் ஈ, மூன்று இருந்தால் மேஃப்ளை" என்று எங்கும் எழுதியிருக்கிறது. மேஃப்ளையும் ஓடை நீரில் வளரும் இன்னொரு வகைப் பூச்சிதான். அதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டே வால் கொண்ட மேஃப்ளை இளம்பூச்சிகள் உண்டு. மூன்றில் ஒன்று உடைந்து இரண்டாகத் தெரிபவையும் உண்டு. வேகமாக ஓடும் நீரில் வாழும் தட்டை மேஃப்ளைகள் பார்வைக்குக் கல் ஈபோலவே கல்லில் அப்பிக் கிடக்கும்.

ஏமாற்றாத அடையாளங்கள் இரண்டு. முதலாவது நகம்: கல் ஈக்கு ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகங்கள், மேஃப்ளைக்கு ஒன்று. இரண்டாவது செவுள்: மேஃப்ளைக்கு வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள் வரிசையாக இருக்கும். பெர்லிடே கல் ஈக்கோ மார்பின் அடியில், கால்கள் முளைக்கும் இடங்களில் கொத்துக் கொத்தாகக் கிளைத்திருக்கும்.

அந்தக் கொத்துச் செவுளைப் பார்க்கும் விதத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். பூச்சியை நீரிலிருந்து எடுத்து விரலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செவுள்கள் நனைந்த தலைமுடிபோல உடலோடு ஒட்டிக்கொள்ளும். "செவுளே இல்லை, ஆக பெர்லிடே இல்லை" என்ற முடிவுக்குப் போய்விடுவோம். வெள்ளை மூடி ஒன்றில் விரற்கடை ஆழத்துக்கு ஓடை நீர் விட்டு, அதற்குள் பூச்சியைத் தூரிகையால் மெதுவாக மல்லாக்கப் போட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நீருக்குள் செவுள்கள் விரிந்து, ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரியும். கைபேசியில் படமெடுப்பதும் இந்த நிலையில்தான். மேலிருந்து எடுத்த படம் பார்க்க அழகாக இருக்கும், அடையாளத்துக்குப் பயன் குறைவு. பூச்சி கால்களை ஊன்றி உடலை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கினால் நீரில் ஆக்சிஜன் குறைகிறது என்று பொருள். உடனே புது நீர் மாற்றுங்கள்.

குடும்பமும் பேரினமும்

கொத்துச் செவுள் மார்பில் இருந்தால், நம் ஊர் நிலவரப்படி பெர்லிடே. இது பிற பூச்சிகளைத் தின்னும் வேட்டைக்காரன். உடல் தட்டையாக, பழுப்பும் மஞ்சளும் கலந்து இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, ரோமம் அடர்ந்து, இறக்கை மொட்டுகள் சாய்வாக வெளியே விரிந்து, உதிர்ந்த இலைகளுக்கு நடுவே கிடைத்தால் நெமூரிடே பக்கம் யோசியுங்கள்.

அடுத்து தலை. இரண்டு கூட்டுக்கண்களுக்கு நடுவே எளிய கண்கள் புள்ளிகளாகத் தெரியும். பெர்லிடே குடும்பத்தில் பலவற்றுக்கு மூன்று. நியோபெர்லா பேரினத்துக்கு இரண்டே. அமெரிக்கப் பூச்சியியலாளர் நீதம் 1905இல் பெயரிட்ட இந்தப் பேரினம்தான் ஆசியாவில் பரவலானது. நியோபெர்லா பைசெரியேட்டா என்ற சிற்றினம் 2007இல் தமிழ்நாட்டிலிருந்தே விவரிக்கப்பட்டது. ஆனால் பனோபெர்லா போன்ற வேறு சில பேரினங்களுக்கும் இரண்டு எளிய கண்கள்தான். அதனால் குறிப்பேட்டில் "நியோபெர்லாவாக இருக்கலாம்" என்றே எழுதுங்கள்.

சிற்றினம்

இளம்பூச்சியை மட்டும் வைத்துச் சிற்றினப் பெயர் சொல்லும் யாரையும் நான் நம்புவதில்லை. நியோபெர்லாவில் சிற்றினங்களைப் பிரிப்பது முதிர்ந்த ஆணின் வயிற்று நுனி: ஏழாம், எட்டாம், பத்தாம் வயிற்று வளையங்களின் முதுகுப்பக்க நீட்சிகள், அப்புறம் உள்ளே மடிந்திருக்கும் புணர்ச்சி உறுப்பில் உள்ள முட்களின் அமைப்பு. பெண்ணென்றால் முட்டையின் மேலோட்டு வேலைப்பாடு. நிறம், அளவு எல்லாம் துணைச் சான்றுதான்.

முதிர்ந்தவை இரவில் வெளிச்சத்துக்கு வரும். ஓடைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீடோ தோட்டமோ இருந்தால் அங்கே வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி அதன் முன் விளக்கு வையுங்கள். காட்டுக்குள் வேண்டாம். கிடைத்ததை 80 சதவீத எத்தனாலில் போடுங்கள். டிஎன்ஏ பார்ப்பதாக இருந்தால் 95 சதவீதம். பூச்சியின் உடல்நீர் கலந்து நீர்த்துப்போகும் என்பதால் மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். கடையில் எத்தனால் எளிதில் கிடைக்காது, அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையில் கேளுங்கள். இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் நான்கையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஓடைக்குப் போன சிலர், பூச்சி கிடைக்கவில்லை, கல்மேல் காய்ந்த கூடு மட்டும் இருந்தது என்று எழுதியிருந்தார்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள். முதிரும் வேளையில் இளம்பூச்சி நீரைவிட்டுக் கல்மேல் ஏறி உரித்துப்போட்ட சட்டை அது. சிறிது நேரம் நீரில் ஊறவிட்டுத் திருப்பினால் மார்புச் செவுளின் தடமும் கால் நுனியின் இரட்டை நகமும் லென்ஸில் தெரியும். எதையும் கொல்லாமல் குடும்பம் வரை போக இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு கேள்வி: ஊருக்குக் கீழே உள்ள ஓடையில் ஏன் ஒன்றுகூட இல்லை? பெர்லிடேக்கு ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான நீர் வேண்டும். பிரிட்டனில் நீர்த்தரத்துக்குப் பூச்சிகளை வைத்து முன்பு மதிப்பெண் போட்டுவந்த முறையில் இந்தக் குடும்பத்துக்கு உச்ச மதிப்பெண்ணான 10 கொடுத்திருந்தார்கள். ஊருக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று ஒரே நாளில் பார்த்து இரண்டையும் எழுதி வையுங்கள். கீழே கிடைக்கவில்லை என்பதும் குறிப்பேட்டில் ஏற வேண்டிய தகவல்.